மூன்று இடங்கள், மூன்று பட்டங்கள்: பாரெட் ஜோன்ஸ் என்ற லைன்மேன்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் தாக்குதல் வரிசை வீரர்களின் பெயர் வெளியில் அதிகம் கேட்பதில்லை. அலபாமா அணியின் பாரெட் ஜோன்ஸை மட்டும் ஏன் இன்னும் உதாரணமாகச் சொல்கிறார்கள்? ஆட்டத் திறமைக்காகவா, குணத்துக்காகவா? கல்லூரியில் அவ்வளவு விருது வாங்கியவர் தொழில்முறை ஆட்டத்தில் ஏன் நிலைக்கவில்லை?

பதில்:

திறமையையும் குணத்தையும் பிரித்துப் பார்க்க முடியாத இடம் தாக்குதல் வரிசை. அதனால் உங்கள் முதல் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் தர முடியாது. ஜோன்ஸ் அலபாமா பல்கலைக்கழகத்துக்காக 2009, 2011, 2012 ஆகிய மூன்று பருவங்களில் தேசியப் பட்டம் வென்றார். முதல் பட்டத்தின்போது வலது கார்டாகவும், இரண்டாவதின்போது இடது டாக்கிளாகவும், மூன்றாவதின்போது சென்டராகவும் ஆடினார். இந்த ஒரு தகவலைச் சரியாக விளங்கிக்கொண்டால் அவருடைய ஆட்டமும், குணமும், பின்னாளில் நேர்ந்த சறுக்கலும் பெருமளவு விளங்கிவிடும்.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். களத்தில் ஓர் அணிக்கு பதினொரு பேர். தாக்கும் அணியில் நடுவில் குனிந்து நிற்கும் ஐவர்தான் தாக்குதல் வரிசை: நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், கார்டுகளுக்கு வெளியே டாக்கிள்கள். 50 முதல் 79 வரையிலான எண்களை அணிந்த இவர்கள் முன்னோக்கி வீசப்படும் பந்தைப் பிடிக்க விதி இடம் தராது. ஓடுபவருக்கு வழி திறப்பதும், பந்து வீசும் குவார்ட்டர்பேக்கை எதிரணியினர் நெருங்காமல் காப்பதும் மட்டுமே இவர்கள் வேலை. ஓடியவருக்கு இத்தனை கெஜம், வீசியவருக்கு இத்தனை டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்ப்பது) என்று கணக்கு எழுதுவார்கள். வழி திறந்தவருக்கு அந்த ஏட்டில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. அவருடைய எண்ணை நடுவர் ஒலிபெருக்கியில் சொல்கிறார் என்றால் அநேகமாகத் தவறு நடந்திருக்கிறது என்று பொருள்: பந்து நகரும் முன்பே அசைந்தால் ஐந்து கெஜம் அபராதம், எதிரியைக் கையால் பற்றி நிறுத்தினால் பத்து கெஜம். கோயில் தேரில் எல்லோர் கண்ணும் வடம் பிடிப்பவர்கள் மேலும் அலங்காரத்தின் மேலும் இருக்கும். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிறவரை யாரும் பார்ப்பதில்லை, கட்டை தவறினால் மட்டும் ஊரே பார்க்கும். ஏறக்குறைய அந்த வேலைதான் இது.

இனி வீரருக்கு வருவோம். ஜோன்ஸ் டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரை ஒட்டிய ஜெர்மன்டவுனைச் சேர்ந்தவர். தந்தை அலபாமா பல்கலைக்கழகத்துக்காகக் கூடைப்பந்து ஆடியவர், இரண்டு தம்பிகளும் பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் கால்பந்து ஆடினார்கள். சிறு வயதில் வயலின் கற்றவர், பக்தியுள்ள கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்து மெம்பிஸ் பகுதியின் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் படித்தவர். இந்தப் பின்னணியைச் சொல்வது அலங்காரத்துக்காக அன்று. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றிய கதைகளில் பெரும்பாலும் வறுமையிலிருந்து மீண்டு வந்தவர்களே நாயகர்கள். ஜோன்ஸ் அப்படிப்பட்டவர் அல்லர். நிலையான குடும்பமும் நல்ல பள்ளியும் அவருக்கு வாய்த்திருந்தன. அவருடைய ஒழுக்கத்தைப் புகழும்போது இந்த அனுகூலத்தை மறைத்துவிட்டுப் புகழ்ந்தால், அந்த வசதி இல்லாமலே அதே வரிசையில் நின்று ஆடிய மற்றவர்களுக்கு அநியாயம் செய்தவர்களாவோம்.

அவர் அலபாமாவில் சேர்ந்தது 2008-இல். பின்னர் வெற்றி இயந்திரமாகப் பெயரெடுத்த அந்த அணி அப்போது அப்படி இல்லை. பயிற்சியாளர் நிக் சேபனின் முதல் பருவமான 2007-இல் அது 7 வெற்றி, 6 தோல்வி என்று முடித்திருந்தது. சொந்த மைதானத்திலேயே லூசியானா-மன்ரோ என்ற சிறிய அணியிடம் தோற்ற அவமானமும் அந்தப் பருவத்தில் உண்டு. அதற்கு அடுத்து சேர்ந்த மாணவர் அணியில்தான் ஜூலியோ ஜோன்ஸ், மார்க் இங்ரம், டோன்டா ஹைட்டவர் போன்றவர்கள் வந்தார்கள். பாரெட் ஜோன்ஸ் முதல் ஆண்டில் தோள் காயத்தால் ஒதுங்கியிருக்க நேர்ந்தது. அதனால் அவருடைய தகுதிக்காலத்தில் ஓர் ஆண்டு கழியாமல் மிஞ்சியது, ஐந்தாவது ஆண்டான 2012-இலும் அவரால் ஆட முடிந்தது.

2009-இல் வலது கார்டு இடத்தில் தொடக்க வீரரானார். கார்டு என்பது நெருக்கடியான இடம். எதிரே நிற்பவர் பெரும்பாலும் உங்களைவிடக் கனமானவர், இரண்டு அடி தூரத்தில் இருக்கிறார், ஓடிவந்து மோத இடமே இல்லை. யார் இடுப்பு தாழ்ந்திருக்கிறதோ, யார் கை முதலில் எதிரியின் நெஞ்சில் விழுகிறதோ அவர் வெல்வார். அந்தப் பருவத்தில் அலபாமா 14 ஆட்டங்களிலும் வென்றது. பந்தோடு 1,658 கெஜம் ஓடிய இங்ரம், கல்லூரிக் கால்பந்தின் தலைசிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதை அலபாமா வரலாற்றில் பெற்ற முதல் வீரரானார். 2010 ஜனவரி 7 அன்று பாசடீனாவின் ரோஸ் பௌல் மைதானத்தில் டெக்சாஸ் அணியை 37-21 என்ற கணக்கில் வீழ்த்திப் பட்டத்தைக் கைப்பற்றியது.

2010 பருவம் முடிந்ததும் இடது டாக்கிளாக ஆடிய ஜேம்ஸ் கார்பென்டர் தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றுவிட்டார். அந்தக் காலியிடத்துக்கு ஜோன்ஸை மாற்றினார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்று இடம் தள்ளி நிற்பது பெரிய விஷயமாகத் தோன்றாது. உண்மையில் அது வேறொரு தொழிலைக் கற்பதற்குச் சமம். வலக்கை எழுத்தாளரை ஒரு கோடை விடுமுறைக்குள் இடக்கையால் எழுதச் சொன்னால் எப்படி இருக்கும்? வலப்பக்கத்தில் ஆடியவருக்குப் பின்னால் வைத்து நிற்கப் பழகிய கால் வலது கால். இடப்பக்கம் போனதும் அது இடது காலாகிறது. இடுப்பு திரும்பும் திசை, முதல் கை நீளும் வரிசை எல்லாம் தலைகீழாகின்றன. கார்டுக்கு எதிரே வருவது கனம், டாக்கிளுக்கு எதிரே வருவது வேகம். குதிகால் தரையில் பதியாமல் பக்கவாட்டில் பின்னோக்கிச் சறுக்கிச் சறுக்கி நகர்ந்தபடி, வெளியே சுற்றி ஓடிவரும் எதிரியின் பாதையை முன்கூட்டியே அடைக்க வேண்டும். வலக்கை வீச்சாளரான குவார்ட்டர்பேக்குக்கு இடது பக்கம் கண்ணில் படாத முதுகுப்புறம் என்பதால், அங்கே ஒரு நொடி பிசகினாலும் அடி அவர் முதுகில்தான் விழும்.

அந்த முதல் ஆண்டிலேயே, அதாவது 2011-இலேயே, ஜோன்ஸ் அவுட்லேண்ட் கோப்பையை வென்றார். நாட்டின் சிறந்த உள்வரிசை வீரருக்கு 1946 முதல் வழங்கப்படும் விருது அது. அந்த வரிசைக்குப் பின்னால் பந்தோடு ஓடிய ட்ரென்ட் ரிச்சர்ட்சன் அந்தப் பருவத்தில் 1,679 கெஜம் கடந்தார். நவம்பரில் சொந்த மைதானத்தில் கூடுதல் நேரத்தில் 9-6 என்று எல்எஸ்யூ-விடம் (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) தோற்ற அலபாமா, 2012 ஜனவரி 9 அன்று நியூ ஓர்லியன்ஸில் அதே அணியை 21-0 என்று வென்று பட்டத்தைப் பிடித்தது.

இங்கேதான் நான் முக்கியமாகக் கருதும் முடிவு வருகிறது. அவுட்லேண்ட் வென்ற இடது டாக்கிளுக்குத் தொழில்முறைக் கதவு திறந்தே இருந்தது. தொழில்முறையில் தாக்குதல் வரிசையின் ஐந்து இடங்களில் வழக்கமாக அதிகச் சம்பளம் பெறுவது இடது டாக்கிள், குறைவாகப் பெறுவோரில் ஒருவர் சென்டர். ஜோன்ஸ் கல்லூரிக்கே திரும்பினார், திரும்பியவர் சென்டராக ஆட ஒப்புக்கொண்டார். மூன்று ஆண்டுகள் சென்டராக இருந்த வில்லியம் விளாச்சோஸின் காலம் முடிந்திருந்தது. சைரஸ் குவாஞ்சியோ என்ற இளம் வீரர் இடது டாக்கிள் இடத்துக்குத் தயாராக இருந்தார். இருப்பவர்களில் மிகச் சிறந்த ஐவரைக் களமிறக்க வேண்டுமானால் நகர வேண்டியவர் ஜோன்ஸ்தான். விருது வாங்கிய இடத்தை விட்டுக்கொடுப்பதென்பது தன் சந்தை மதிப்பையும் சேர்த்து விட்டுக்கொடுப்பது என்பது கணக்கியல் படித்த அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அந்தக் காலத்தில் கல்லூரி வீரர்களுக்கு உதவித்தொகையைத் தவிர வேறு வருமானத்துக்கு விதி இடம் தரவில்லை. தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கும் உரிமை 2021-இல்தான் வந்தது. பயிற்சியாளர் ஆண்டுக்குப் பல மில்லியன் டாலர் வாங்கிய அணியில், வீரரின் இந்தத் தியாகத்தை அணிப்பற்று என்று மட்டும் பாராட்டிவிட்டு நகர்வது எனக்கு ஒப்பாது. ஏற்பாட்டின் குறையை அவருடைய நல்ல குணம் ஈடுகட்டியது என்றும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

சென்டர் இடம் உடலைவிட மூளைக்கு அதிக வேலை தருவது. எதிரணி எப்படி அணிவகுத்திருக்கிறது, நடு லைன்பேக்கர் (எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாளர்) எவர், எந்தப் பக்கத்திலிருந்து கூடுதல் ஆள் பாய்ந்து வரக்கூடும் என்பதையெல்லாம் சில நொடிகளில் படித்து, யார் யாரைத் தடுக்க வேண்டும் என்று இருபுறமும் கத்திச் சொல்ல வேண்டியவர் அவர். சொல்லி முடித்ததும் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுக்க வேண்டும். குவார்ட்டர்பேக் ஐந்து கெஜம் பின்னால் நிற்கும்போது அதைப் பார்க்காமலே, நெஞ்சுயரத்துக்குச் சரியாக அனுப்ப வேண்டும். பந்து கையை விட்டுப் போகும் அதே கணத்தில் எதிரே மூக்குக்கு நேராக நிற்கும் 150 கிலோ மனிதர் மேலே வந்து விழுகிறார். தடுப்பதற்கு அப்போது ஒரு கைதான் தயார், பந்தைக் கொடுத்த கை இன்னும் கால்களுக்கிடையில்தான் இருக்கிறது. ஓர் ஆட்டத்தில் ஏறக்குறைய எழுபது தடவை இதைச் செய்ய வேண்டும். அறுபத்தொன்பது தடவை சரியாகச் செய்தவரை யாரும் கவனிப்பதில்லை. 2012 பருவத்தின் முடிவில், சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் கோப்பையும் ஜோன்ஸுக்கே கிடைத்தது. அந்த ஆண்டு குவார்ட்டர்பேக் ஏ.ஜே. மெக்கேரன் 30 டச் டவுன் வீசி மூன்றே தடவைதான் எதிரியிடம் பந்தைப் பறிகொடுத்தார். அந்த எண்களில் பாதி, வீச அவருக்குக் கிடைத்த நேரத்துக்கு உரியது.

அந்த வரிசையின் ஐவரையும் பெயர் சொல்லிவிடுவது நியாயம்: குவாஞ்சியோ, சான்ஸ் வார்மாக், ஜோன்ஸ், ஆண்டனி ஸ்டீன், டி.ஜே. ஃபுளூக்கர். 2012 டிசம்பர் 1 அன்று அட்லாண்டாவில் நடந்த எஸ்இசி (அலபாமா இடம்பெற்ற தென்கிழக்குக் கூட்டமைப்பு) இறுதி ஆட்டத்தில் ஜார்ஜியா அணி மூன்றாம் காற்பகுதியில் 21-10 என்று முன்னிலை பெற்றது. அதன்பின் அலபாமா நுணுக்கம் எதையும் தேடவில்லை, ஓட்டத்துக்கு மேல் ஓட்டமாக முட்டித் தள்ளிக்கொண்டே முன்னேறியது. ஆட்டம் முடியும்போது ஓட்டத்தில் மட்டும் 350 கெஜம் சேர்ந்திருந்தது. பந்தோடு ஓடியவர்களில் எடி லேசி 181, டி.ஜே. யெல்டன் 153. முடிவு 32-28.

அந்த ஆட்டத்தில்தான் ஜோன்ஸின் பாதத்தில் லிஸ்ஃப்ராங்க் காயம் ஏற்பட்டது. நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஒருவரின் பெயரால் அழைக்கப்படும் இந்த மூட்டு பாதத்தின் நடுவில் இருக்கிறது. கணுக்காலை ஒட்டிய சிறு எலும்புகளும் விரல்களை நோக்கி நீளும் எலும்புகளும் சேரும் இடம் அது. பாதத்தின் வளைவைத் தாங்குவது இதன் தசைநார்தான். முன்பாதத்தை ஊன்றி உந்தும் ஒவ்வொரு முறையும் உடலின் முழு எடையும் இதன் வழியாகவே கடக்கிறது. 137 கிலோ எடையுள்ள ஒருவர் தன்னைவிடக் கனமானவரை உந்தித் தள்ளும் வேலைக்கு இதைவிட மோசமான காயத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் அந்த ஆட்டத்தை முடித்தார். பின்னர் 37 நாள் இடைவெளி. பாதுகாப்புக் காலணியோடு நடந்து, பயிற்சிகளில் ஒதுங்கி, 2013 ஜனவரி 7 அன்று மயாமி கார்டன்ஸில் நோட்டர் டேம் அணிக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் களமிறங்கினார். காயம் எவ்வளவு கடுமையானது என்பது ஆட்டத்துக்குப் பிறகே வெளியே தெரிந்தது, அதன் பிறகே அறுவை சிகிச்சை நடந்தது.

காயத்தோடு ஆடியதை வீரம் என்று எழுதிவிடுவது எளிது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. இருபத்திரண்டு வயதுக்காரர் தன் பிழைப்பையே பணயம் வைத்து ஆடும்போது, அவரைத் தடுக்கும் பொறுப்பும் யாருக்கேனும் இருக்க வேண்டும். ஆனால் முடிவு அவருடையது, கடைசி ஆட்டம் அது என்று தெரிந்தே எடுத்த முடிவு என்பதையும் மறுப்பதற்கில்லை.

நோட்டர் டேம் அந்தப் பருவத்தில் ஒரு தோல்வியும் காணாமல் வந்த அணி. நடுவில் லூயிஸ் நிக்ஸ் என்ற மலை, அவருக்குப் பின்னால் ஹைஸ்மன் வாக்களிப்பில் இரண்டாமிடம் பெற்ற லைன்பேக்கர் மான்டை டேயோ. இந்த இருவரையும் சமாளிக்க வேண்டியவர்களில் முதல் ஆள், பாதத்தில் தசைநார் கிழிந்த ஜோன்ஸ். அலபாமாவின் முதல் தாக்குதல் ஐந்தே நகர்வுகளில் 82 கெஜம் கடந்து, லேசியின் 20 கெஜ ஓட்டத்தோடு டச் டவுனில் முடிந்தது. இடைவேளையில் 28-0, இறுதியில் 42-14. லேசி 140 கெஜமும் யெல்டன் 108 கெஜமும் ஓடினார்கள்.

ஆனால் அந்த இரவிலிருந்து பலருக்கு நினைவிருப்பது வேறொரு காட்சி. நான்காம் காற்பகுதி, ஏறக்குறைய ஏழு நிமிடங்கள் மீதம், 28 புள்ளி முன்னிலை. ஆட்டம் முடிந்துபோனது என்று அரங்கில் எல்லோருக்கும் தெரியும். பந்தை நகர்த்துவதற்கான நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. தடுப்பு ஏற்பாட்டில் ஏதோ கருத்து வேறுபாடு, மெக்கேரன் சென்டரை நோக்கிக் கத்துகிறார். ஜோன்ஸ் திரும்பி வந்து, தொலைக்காட்சிக் கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தன் குவார்ட்டர்பேக்கின் நெஞ்சில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளுகிறார். சற்று நேரத்தில் இருவரும் கட்டியணைத்துக்கொண்டார்கள், பிறகு சிரித்தபடியே அதைப் பற்றிப் பேசினார்கள். ஆனாலும் அந்தத் தள்ளு பொய்யன்று. வெற்றி உறுதியான பிறகும் ஓர் ஒற்றை நகர்வு ஒழுங்காக நடக்க வேண்டும் என்று இரண்டு பேர் சண்டை பிடிக்கிறார்கள். சேபனின் பயிற்சி முறை புள்ளிப்பலகையைப் பார்க்காதே, இந்த ஒரு நகர்வைப் பார் என்பதுதான். அது எந்த அளவுக்கு அவர்கள் ரத்தத்தில் ஊறியிருந்தது என்பதை அந்த ஒரு நொடி காட்டிவிட்டது.

நல்ல பிள்ளை என்று நாடு முழுக்கப் பெயர் வாங்கியவர் கை ஓங்கலாமா என்று அப்போது சிலர் கேட்டார்கள். நல்ல குணம் என்றால் சாது என்று நாம் நினைத்துக்கொள்வதால் வரும் கேள்வி அது. தாக்குதல் வரிசையில் சாதுவுக்கு இடமில்லை. எதிரியை நிமிடத்துக்கு இரண்டு தடவை முட்டித் தள்ளிவிட்டு, நடுவர் ஊதியதும் கையை விலக்கிக்கொண்டு, மறுபடியும் வந்து குனிந்து நிற்கத் தெரிந்த அடக்கம்தான் அங்கே தேவை. கோபம் இருக்க வேண்டும், அது நேரத்துக்கு அடங்கவும் வேண்டும். அந்த ஒரு தடவை அது விசில் இல்லாத இடத்தில் வெளிப்பட்டது.

குணத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள் அல்லவா? களத்துக்கு வெளியே அவர் எப்படி என்று சொல்கிறேன். கணக்கியலில் இளநிலைப் பட்டத்தை 4.0 என்ற முழு மதிப்பெண் சராசரியோடு முடித்து, அதே துறையில் முதுநிலையும் படித்தார். படிப்பும் தலைமைப் பண்பும் ஆட்டமும் ஒருங்கே அமைந்தவருக்கு வழங்கப்படும், கல்விக்கான ஹைஸ்மன் என்று செல்லமாக அழைக்கப்படும் கேம்ப்பெல் கோப்பையை 2012-இல் பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டே சமூகத் தொண்டுக்கான வர்ஃபெல் கோப்பை கிடைத்திருந்தது. 2010 ஜனவரியில் ஹெய்ட்டியை நிலநடுக்கம் குலைத்துப்போட்ட பின், மற்ற மாணவர்கள் கடற்கரைக்குப் போகும் வசந்தகால விடுமுறையில் தேவாலயக் குழுவோடு அந்நாட்டுக்குச் சென்றார். பின்னர் நிகராகுவாவுக்கும் சென்றார்.

இவற்றைவிட என் மனதில் நிற்பது 2011 ஏப்ரல் 27. அன்று மாலை, அலபாமா பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசா நகரின் நடுவே மிகக் கடுமையான ஈஎஃப்-4 வகைச் சுழற்காற்று (டொர்னேடோ) புகுந்தது. குடியிருப்புகள் தரைமட்டமாயின, பல்கலைக்கழக மாணவர்களும் இறந்தார்கள். அணியின் வீரர் ஒருவர் காயமடைந்தார், அவருடைய காதலி உயிரிழந்தார். அடுத்த நாட்களில் ஜோன்ஸ் மரம் அறுக்கும் இயந்திர வாளைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், வீடுகள் மேலும் பாதைகள் மேலும் சாய்ந்து கிடந்த மரங்களை வெட்டி அகற்றினார். விருதுக் குழுவின் விண்ணப்பத்தில் எழுதுவதற்காகச் செய்த வேலையாக அதை யாரும் சொல்ல மாட்டார்கள். சாய்ந்த மரத்தை அகற்றுவதும் ஏறக்குறைய அவருடைய ஆட்டத் தொழில்தான்: அடுத்தவருக்கு வழி திறப்பது.

இனி கடைசிக் கேள்வி. தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 2013 வீரர் தேர்வில் அவருடைய வரிசைத் தோழர்களான வார்மாக் 10-ஆவதாகவும் ஃபுளூக்கர் 11-ஆவதாகவும் அடுத்தடுத்து எடுக்கப்பட்டார்கள். மூன்று பட்டமும் அவுட்லேண்டும் ரிமிங்டனும் வைத்திருந்த ஜோன்ஸ் நான்காம் சுற்றில் 113-ஆவதாகத்தான் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணிக்குப் போனார். அங்கே நிலையான தொடக்க இடம் கிடைக்கவில்லை. பிறகு வேறு சில அணிகளில் முயன்றார், சில ஆண்டுகளிலேயே ஆட்டம் முடிந்தது. அதன்பின் கல்லூரிக் கால்பந்து வர்ணனையாளராக ஒலிவாங்கியின் முன் அமர்ந்தார்.

காரணம் ஒன்றல்ல. பாதக் காயத்தால் தேர்வுக்கு முந்தைய உடற்திறன் சோதனைகளில் அவரால் பங்கேற்க முடியவில்லை, ஓட்டமும் குதிப்பும் அளக்கப்படாத வீரரின் மேல் அணிகள் முதற்சுற்றுப் பணத்தைப் போடத் தயங்கும். அதைவிட ஆழமான காரணம் என்று நான் நினைப்பது வேறு. கல்லூரியில் எதிரே நிற்பவர்களில் பாதிப் பேர் வேகத்திலும் வலுவிலும் உங்களுக்குக் கீழே இருப்பார்கள், அங்கே அறிவும் உத்தியும் ஒழுங்கும் பெரும் வித்தியாசம் காட்டும். தொழில்முறையில் எதிரே நிற்பவர் எல்லோருமே தங்கள் கல்லூரியின் தலைசிறந்த ஆள். அங்கே அறிவு நுழைவுச் சீட்டு மட்டும்தான், அதற்கு மேல் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் செதுக்கப்பட்ட உடல் பழக்கம் தேவைப்படுகிறது. ஜோன்ஸோ ஐந்தாண்டுகளில் மூன்று தொழில்களைக் கற்று மூன்றிலும் சிறந்து, எதிலும் வேரூன்ற நேரமில்லாமல் கிளம்பினார். அணிக்குத் தேவையான இடத்துக்கெல்லாம் போனதுதான் அவருக்கு மூன்று பட்டங்களைத் தந்தது, தொழில்முறையில் அதற்கான விலையையும் அவரே கொடுத்தார் என்பது என் கருத்து. முதற்சுற்றில் போன இருவரும்கூட அங்கே நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வாகவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த வரிசையின் வலிமை தனித்தனி ஆட்களிடம் இல்லாமல் ஐவரும் சேர்ந்து நகர்ந்த ஒழுங்கில்தான் இருந்தது என்று தோன்றுகிறது. அந்த ஒழுங்கை ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் கத்திச் சொன்னவர் சென்டர்.

நீங்களே பார்த்து முடிவு செய்ய விரும்பினால், நோட்டர் டேம் இறுதி ஆட்டத்தின் பதிவைத் தேடி எடுத்து, முதல் டச் டவுன் வரையிலான ஐந்து நகர்வுகளை மட்டும் இரண்டு தடவை ஓடவிடுங்கள். முதல் தடவை வழக்கம்போல் பந்தைப் பாருங்கள். இரண்டாவது தடவை 75 என்ற எண்ணின் மேல் மட்டும் கண்ணை வையுங்கள். பந்து எங்கே போயிற்று என்று சில நேரம் தெரியாமல் போகும், பரவாயில்லை. கை பின்னால் போவதையும், தலை நிமிரும் முன்பே தோள் எதிரியின் அடியில் நுழைவதையும், ஒரு கணம் கார்டுக்குத் தோள் கொடுத்துவிட்டு உடனே விலகி இரண்டாம் அடுக்கில் நிற்கும் லைன்பேக்கரை நோக்கிப் போவதையும் கவனியுங்கள். ஒவ்வொரு தடவையும் கிழிந்த தசைநாரோடு அந்தப் பாதத்தைத்தான் அவர் ஊன்றுகிறார்.